பழகியது பாட்டிதான்

"இவங்கப்பனுக்கு எட்டு மாசத்துலயே பழக்கிட்டேன். கால்ல உக்கார வச்சு ‘உஸ்ஸ்’னா போதும், போயிடுவான்." இரண்டு வயதுப் பேரனின் கனத்துத் தொங்கும் டயபரைப் பார்த்து ஒரு பாட்டி இப்படிச் சொல்லாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. "அவசரப்படுத்த வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்கார் அத்தை" என்று மருமகள் மெல்லச் சொல்வாள். மகன் யார் பக்கமும் சேராமல் அடுத்த டயபர் பாக்கெட் வாங்கக் கடைக்குக் கிளம்பிவிடுவான்.

பாட்டி பொய் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதும் சரி. இரண்டு வேறு வேலைகளுக்கு ஒரே பெயரை வைத்துக்கொண்டு பேசுவதால் வருகிற தகராறு இது. அதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். மீதிப் பாதி மாமியார் மருமகள் சமாச்சாரம், அதற்கு இங்கே மருந்து கிடையாது.

பாட்டி என்ன செய்தார்? தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, பாதங்களைக் கொஞ்சம் விலக்கி, கணுக்காலுக்கு மேல் குழந்தையை உட்கார வைத்தார். விடிந்ததும் ஒருமுறை, பால் குடித்துச் சற்று நேரம் கழித்து ஒருமுறை, தூளியிலிருந்து எடுத்ததும் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ‘உஸ்ஸ்’. நாள்பட நாள்பட அந்தச் சத்தத்துக்கும் சிறுநீருக்கும் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. கென்யக் கடற்கரையில் வாழும் டிகோ மக்களும் ஏறக்குறைய இதையே செய்கிறார்கள் என்று 1977இல் மார்ட்டன் டி வ்ரீஸ், ரேச்சல் டி வ்ரீஸ் இருவரும் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கும் தாய் கால் நீட்டி உட்காருகிறாள், குழந்தையைக் கால்களுக்கு நடுவே வைக்கிறாள், ‘ஷூ’ என்று ஒலி எழுப்புகிறாள். பிறந்த இரண்டு மூன்று வாரத்தில் ஆரம்பம். ஐந்து ஆறு மாதத்துக்குள் பகலிலும் இரவிலும் துணி நனைவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நம் பாட்டிக்கும் டிகோ தாய்க்கும் கடிதப் போக்குவரத்து எதுவும் இருந்திருக்காது. கையில் குழந்தையும், துவைக்க மூட்டைத் துணியும் இருந்தால் மனிதர்கள் எங்கேயும் ஒரே வழியைத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

அந்த எட்டு மாதக் குழந்தை விளையாட்டை நிறுத்திவிட்டு ஒரு கணம் உறைந்து நின்றதை யார் கவனித்தது? முகம் சிவந்ததையும் கால் கட்டைவிரல் மடங்கியதையும் யார் பார்த்தது? பாட்டிதான். நேரம் பார்த்தவரும் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவரே. அவர் நான்கு நாள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால் குழந்தையின் பழக்கமும் கூடவே பஸ் ஏறிவிடும். பழகியது பாட்டிதான் என்று சொல்வது அவரைக் குறைப்பதற்கல்ல. அந்த அளவுக்கு ஒரு குழந்தையின் உடம்பைப் படித்து வைத்திருந்த ஒரு ஜோடிக் கண்கள் அன்று முழு நாளும் வீட்டில் இருந்தன. இன்று பல வீடுகளில் அந்தக் கண்கள் அலுவலகத்தில் இருக்கின்றன, அல்லது வேறு ஊரில்.

டாக்டர் பேசுவது இரண்டாவது வேலையைப் பற்றி. குழந்தைக்கே தெரிய வேண்டும், அடக்க வேண்டும், சொல்ல வேண்டும், நடந்து போக வேண்டும், ஜட்டியை இறக்க வேண்டும், உட்கார வேண்டும், அதன்பிறகு விட வேண்டும். ஏழெட்டுக் காரியங்கள் அடுத்தடுத்து நடக்க வேண்டும். நடுவில் ஒன்று சறுக்கினாலும் தரை நனையும்.

அடக்குவது என்பது பிடிவாதத்தில் வருவதில்லை. சிறுநீர்ப்பையின் வாயில் இரண்டு கதவுகள். உள்கதவு நம் சொல் கேட்காது, தானாகத் திறந்து மூடும். வெளிக்கதவு மூளையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. ஆனால் மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாக அந்தக் கதவுவரை போகும் நரம்புப் பாதை பிறக்கும்போதே தயாராக இருப்பதில்லை. பச்சிளங்குழந்தை ஒரு நாளில் 20 தடவைகூடச் சிறுநீர் கழிக்கும். பை நிறைந்தால் கதவு திறக்கும், அவ்வளவுதான் கணக்கு. ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுவரை அந்தப் பாதை முதிர்கிறது, பையும் பெரிதாகிறது. இரண்டு வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 100 மில்லி பிடிக்கும், அரை டம்ளர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அரை டம்ளரை வைத்துக்கொண்டுதான் பிள்ளை கார்ட்டூனையும் பொம்மை லாரியையும் விட்டுவிட்டு நேரத்துக்கு எழுந்து வர வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

இந்த முதிர்ச்சியைத் திட்டி வரவழைக்க முடியாது. பல் முளைப்பதற்காக யாரும் குழந்தையை அடிப்பதில்லை.

‘அவசரம் வேண்டாம்’ என்ற அறிவுரைக்கும் ஒரு வரலாறு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க அரசு வெளியிட்ட குழந்தை வளர்ப்புக் கையேடுகள் நம் பாட்டியைவிடக் கறாரானவை. சில மாதக் குழந்தையைக் கடிகாரம் பார்த்துக் கிண்ணத்தின் மேல் உட்கார வைக்கச் சொல்லின, ஆசனவாயில் சோப்புக் குச்சி வைக்கவும் சொல்லின. நம் ஊரில் வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்பார்களே, அதன் சீமைச் சகோதரன். இரண்டுமே வேண்டாம். மெல்லிய தோல் கிழியும், குழந்தைக்கு மலம் கழிப்பதே பயமாகிவிடும்.

அந்தக் கறாருக்கு எதிராக 1962இல் பெர்ரி பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். தம்மிடம் வந்த 1,170 குழந்தைகளைப் பத்தாண்டு கவனித்துவிட்டு, குழந்தை தயாராகும்வரை காத்திருங்கள், அதன் ஆர்வத்தைப் பின்தொடருங்கள் என்றார். அந்தக் குழந்தைகள் சராசரியாக 28 மாதங்களைத் தாண்டியபோது பகலில் சுத்தமாக இருந்தார்கள். இன்றுவரை குழந்தை மருத்துவர்கள் சொல்லும் அறிவுரையின் வேர் இதுதான். இதே பிரேசல்டன் பின்னாளில் பெரிய சைஸ் டயபர் விளம்பரத்திலும் தோன்றினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் அவருடைய ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் ‘காத்திருங்கள்’ என்பதில் டயபர் கம்பெனிக்கும் ஒரு பங்கு லாபம் இருக்கிறது என்று பாட்டி சந்தேகப்பட்டால், அந்தச் சந்தேகம் காரணமில்லாததல்ல.

எதிர்த்திசையிலும் ஆள் இருந்தார்கள். 1974இல் நேதன் அஸ்ரின், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரே நாளுக்குள் பழக்கிவிடலாம் என்று புத்தகம் போட்டார்கள். நிறையக் குடிக்கக் கொடு, பொம்மையை வைத்துச் செய்துகாட்டு, போனால் பரிசு, நனைத்தால் திரும்பத் திரும்பக் கழிப்பறைக்கு நடக்க வை. இப்போது ‘மூன்றே நாளில்’ என்று சுற்றும் காணொளிகளில் பலவற்றுக்கு இதுவே தாத்தா. தயாராக இருக்கும் குழந்தைக்கு இதில் சில பகுதிகள் பலிக்கும். தயாராகாத குழந்தைக்கு அந்த மூன்று நாளும் வீடு நரகம்தான்.

இங்கே ஒரு தவறான புரிதலைச் சரிசெய்ய வேண்டும். காத்திருப்பது வேறு, கைகட்டி உட்கார்ந்திருப்பது வேறு. ‘தானா வரும்’ என்று மூன்றரை வயதுவரை டயபரை மாட்டிக்கொண்டே இருந்தால் தானாக வராது. இன்றைய டயபருக்குள் இருக்கும் உறிஞ்சும் தூள் 1980களில் பரவலான சங்கதி. அது ஈரத்தைக் கூழாக்கி ஒளித்துவிடுகிறது. கோவணத்துணி நனைந்தால் தொடையில் சில்லிடும், பிள்ளை குனிந்து பார்க்கும். ‘இப்போது என்னிடமிருந்து ஏதோ வந்தது’ என்ற முதல் பாடம் அங்கேதான். டயபர் அந்தப் பாடத்தை மறைத்துவிடுகிறது. ஆகவே ஒன்றரை வயதிலிருந்தே வீட்டில் பகலில் சில மணி நேரம் பருத்தி ஜட்டியோடோ, அரைஞாண் கயிறு மட்டும் கட்டியோ விட்டுவிடுவது நல்லது. வெயில் காலம் இதற்கென்றே வந்தது. டைல்ஸ் தரையைத் துடைத்துவிடலாம், சோஃபாவுக்கும் மெத்தைக்கும் ஒரு ரப்பர் ஷீட் போதும்.

தயார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு மணி நேரம் ஜட்டி காய்ந்திருப்பது ஒன்று. தானாகக் குந்தி எழுந்திருப்பது, ஜட்டியை இழுத்து இறக்கப் பார்ப்பது, சின்னச் சின்ன ஏவல்களைப் புரிந்துகொள்வது இவையும் அடையாளங்கள். போன பிறகாவது வந்து சொன்னால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ‘போனதுக்கப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்’ என்று அந்த இடத்தில் கடிந்துகொள்வதுதான் நாம் செய்யும் முதல் தப்பு. முதலில் ‘போய்ட்டேன்’ வரும், அடுத்து ‘போறேன்’, கடைசியில்தான் ‘போகணும்’. மொழி கற்கும் வரிசையே அது. இன்னொரு அடையாளம், ஆய் வரும்போது திரைச்சீலைக்குப் பின்னாலோ கட்டிலுக்கு அந்தப் பக்கமோ போய் ஒளிந்துகொள்வது. வருவது தெரிகிறது, தனிமை வேண்டும் என்பதும் தெரிகிறது. இடம் மட்டும்தான் மாற வேண்டும்.

வயதைக் கேட்டால், பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இது கூடிவரும். அமெரிக்காவின் மில்வாக்கியில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில் பெண் குழந்தைகளில் பாதிப்பேர் 32 மாதங்களை ஒட்டியும், ஆண் குழந்தைகளில் பாதிப்பேர் 35 மாதங்களிலும் பகலில் நனைக்காமல் இருக்கப் பழகியிருந்தார்கள். டயபர் நாட்டுக் கணக்கு அது. நம் வீடுகளில் கொஞ்சம் முன்னாலேயே நடக்கலாம். எண்ணைக் காட்டுவது வேறு காரணத்துக்கு. பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை மூன்று மாதம் முந்திக்கொண்டால் நம் பையனிடம் குறை இல்லை.

செய்முறை எளிது. பிளாஸ்டிக்கில் சின்ன இருக்கைக் கிண்ணம் ஒன்று வாங்கி, பிள்ளை விளையாடும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். முதல் சில நாள் ஜட்டியோடு உட்காரட்டும், கரடிபொம்மையை உட்கார வைக்கட்டும். இந்தியன் கழிப்பறை உள்ள வீட்டில் குந்துவது குழந்தைக்கு இயல்பாகவே வரும், மலம் கழிக்கவும் அது நல்ல நிலை. ஆனால் அந்தப் பள்ளம் பயமுறுத்தலாம். கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். வெஸ்டர்ன் என்றால் மேலே பொருத்தும் சிறுவளையமும் காலுக்கு ஒரு குட்டி ஸ்டூலும் அவசியம். கால் அந்தரத்தில் தொங்கினால் முக்க முடியாது, பெரியவர்களுக்கும் அப்படித்தான். ஃப்ளஷ்ஷைப் பிள்ளை வெளியே வந்த பிறகு அழுத்துங்கள். தன் உடம்பிலிருந்து வந்த ஒன்றை அந்தப் பீங்கான் ‘கரக்’ என்று விழுங்குவதைப் பார்த்து மிரளும் குழந்தைகள் நிறைய.

எப்போது உட்கார வைப்பது என்பதில் பாட்டியிடம்தான் பாடம் கேட்க வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள்ளும். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கிறது, அது உடம்பின் சொந்தக் கடிகாரம். பாட்டி அதற்குப் பெயர் தெரியாமலே அதை நம்பினார். ஐந்து நிமிடம் உட்காரட்டும். வரவில்லையா, ‘சரி, அப்புறம் பாக்கலாம்’ என்று எழுப்பிவிடுங்கள். கைப்பேசியைக் கையில் கொடுத்து அரை மணி நேரம் உட்கார வைத்தால் பிள்ளைக்குக் கைப்பேசிப் பழக்கம்தான் வரும்.

பாராட்டிலும் ஒரு நிதானம் தேவை. வந்ததைவிட, போய் உட்கார்ந்ததைப் பாராட்டுவது மேல். ஏனென்றால் உட்காருவது பிள்ளையின் கையில் இருக்கிறது, வருவது எப்போதும் இல்லை. ‘அட, நீயே சொல்லிட்டியே!’ என்ற ஒரு வரி போதும். தட்டுத்தட்டாக மிட்டாய் கொடுக்க ஆரம்பித்தால் இரண்டு வாரத்தில் பிள்ளை கடைக்காரனாகிவிடுவான். ஒரு சொட்டு விட்டுவிட்டு ஒரு மிட்டாய் கேட்பான். நனைத்துவிட்டால்? ‘நனஞ்சுருச்சா, வா மாத்திக்கலாம்’. அதற்கு மேல் பேச்சில்லை. ஈர ஜட்டியைப் பக்கெட்டில் போடும் வேலையை அவனே செய்யட்டும், ஆனால் தண்டனையின் குரலில் அல்ல.

நம் வீடுகளில் அடி குறைந்திருக்கலாம், ஆனால் ‘ச்சீ’ குறையவில்லை. மூக்கைப் பொத்துவது, ‘ஷேம் ஷேம்’ என்று கைதட்டுவது, வந்திருக்கும் விருந்தாளியிடம் ‘இன்னும் கட்டில்லேயே போறான்’ என்று சொல்லிச் சிரிப்பது. நமக்கு இது விளையாட்டு. ‘என்னிடமிருந்து வருவது அசிங்கம், அதை மறைக்க வேண்டும்’ என்பதுதான் இதிலிருந்து பிள்ளை எடுத்துக்கொள்ளும் செய்தி. மறைக்க மிக எளிய வழி, வெளியே விடாமல் வைத்துக்கொள்வது.

உண்மையான தொல்லை அங்கே ஆரம்பிக்கிறது. ஒன்றுக்குச் சமர்த்தாகப் போகும் பிள்ளை, ரெண்டுக்கு மட்டும் டயபர் கேட்டு அழும். டயபர் மாட்டியதும் மூலையில் நின்று போய்விடும். பெற்றோர் இதைத் திமிர் என்று நினைக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் புரூஸ் டாப்மன் 1997இல் வெளியிட்ட ஆய்வில் 482 குழந்தைகளில் 22 சதவீதம் ஒரு மாதமாவது இப்படி மறுத்தவர்கள். ஐந்தில் ஒரு பிள்ளை திமிர் பிடித்துப் பிறந்திருக்க முடியாது. 2003இல் அவருடைய குழு இன்னொன்றைச் சோதித்தது. மலத்தைப் பற்றி அருவருப்பான சொற்களைச் சொல்லாதீர்கள், டயபரிலேயே போனாலும் போனதற்குப் பாராட்டுங்கள் என்று ஒரு பகுதிப் பெற்றோரிடம் சொன்னார்கள். மறுக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அதனால் குறையவில்லை, மறுப்பு நீடித்த காலம் குறைந்தது. ‘ச்சீ’யை நிறுத்துவதற்கு இவ்வளவு நேரடியான பலன் கிடைக்கும் என்று நானும் எதிர்பார்த்ததில்லை.

பல நேரம் அடக்குவதற்குப் பின்னால் இருப்பது வலி. ஒருநாள் மலம் இறுகிப்போய்க் கிழித்துக்கொண்டு வந்திருக்கும். மறுநாள் பிள்ளை காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, மேசையைப் பிடித்து முறுக்கும். பார்ப்பவர் ‘முக்குறான்’ என்பார், உண்மையில் அடக்குகிறான். அடக்க அடக்கக் குடல் நீரை இழுத்துக்கொள்ளும், மலம் இன்னும் கல்லாகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். இந்தச் சுழலை அறுக்காமல் பழக்குவதைப் பற்றிப் பேசவே கூடாது. கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் வயிற்றைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊரில் மலம் இறுகுவதற்கு ஒரு பெரிய காரணம் பால். ‘சாதம் சரியா சாப்பிடல, பாலாவது குடிக்கட்டும்’ என்று ஒரு நாளில் நான்கைந்து டம்ளர் போகிறது. இடையிடையே மைதா பிஸ்கட். இரண்டு வயதுக்கு ஒரு நாளில் அரை லிட்டர் பாலே அதிகபட்சம். அதைக் குறைத்தாலே சாதத்துக்குப் பசி வரும். கீரை மசியல், காய்ந்த திராட்சை ஊறவைத்த தண்ணீரும் திராட்சையும், பப்பாளி, அவரை, தாராளமாகத் தண்ணீர். இவற்றுக்கும் இளகாவிட்டால் மருத்துவரிடம் போய், மலத்தை இளக்கும் மருந்தை அவர் சொல்லும் காலம்வரை தொடர்ந்து கொடுக்க வேண்டும். இரண்டு நாளில் சரியாயிற்று என்று நிறுத்துவதுதான் பல வீடுகளில் நடக்கிறது, பழைய வலி மறக்கச் சில வாரமாவது ஆகும். ஜட்டியில் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக நீராக ஒட்டியிருந்தால் அதை வயிற்றுப்போக்கு என்று முடிவுகட்டாதீர்கள். உள்ளே கட்டியாக அடைத்திருப்பதன் ஓரமாகக் கசிவதாகவும் இருக்கலாம்.

கால் கழுவிவிடுவதிலும் ஒரு சொல். பெண்குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத்தான் கை போக வேண்டும், இல்லையென்றால் சிறுநீர்த் தொற்று வரலாம். அதிவேக ஸ்ப்ரேயைவிட சொம்புத் தண்ணீர் பிள்ளைக்குப் பிடிக்கும். அதன்பிறகு இருவருக்கும் சோப்புப் போட்டுக் கைகழுவல்.

எல்லாம் கூடிவந்த பிறகு ஒருநாள் திடீரென்று பின்வாங்கும். தம்பிப்பாப்பா பிறந்திருக்கும், வீடு மாறியிருப்பீர்கள், காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கும். ஒரு மாதம் பொறுத்தால் திரும்பி வரும். ஆனால் ஆறு மாதம் சுத்தமாக இருந்த பிள்ளை காரணமில்லாமல் மறுபடி நனைக்க ஆரம்பித்து, கூடவே தாகமும் அதிகமாகி உடம்பும் இளைத்தால், அன்றே காட்டுங்கள், சர்க்கரை பார்க்க வேண்டும். சிறுநீர் எப்போதும் சொட்டிக்கொண்டிருப்பது, எரிச்சல், மலத்தில் ரத்தம் இவையும் காத்திருக்கும் விஷயங்கள் அல்ல.

இரவு தனிக் கணக்கு. தூக்கத்தில் சிறுநீர் சுரப்பைக் குறைக்கும் ஹார்மோன், நிறைந்த பை எழுப்பும் திறன் இரண்டும் பிந்தி வருபவை. ஐந்து வயதிலும் ஏறத்தாழ 15 சதவீதக் குழந்தைகள் படுக்கையை நனைக்கிறார்கள். அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். ‘எட்டு மாசத்துலயே’ பழகிய அந்த அப்பாவிடம் இதைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள், பாட்டி பக்கத்தில் இல்லாதபோது.

மீதி இருப்பது பள்ளி. இரண்டரை வயதில் ப்ரீ-கேஜி சேர்க்கையின்போது ‘டாய்லெட் ட்ரெயினிங் முடிஞ்சுதா?’ என்று கேட்கிறார்கள். ஜூனில் பள்ளி என்றால் மே மாதக் கடைசி வாரத்தில் வீடு போர்க்களமாகிறது. கேட்பவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை, முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆயாம்மா. ஆனால் இரண்டரை வயதில் நரம்புப் பாதை முதிராததற்கு அபராதம் விதிப்பதுபோல்தான் அந்தக் கேள்வி இருக்கிறது. இரண்டு வேளை இடைவேளையில் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக அழைத்துப் போவதும், நனைந்த பிள்ளையை மற்றவர்கள் முன் நிறுத்தாமல் இருப்பதும் பெரிய செலவில்லாத காரியங்கள். சேர்ப்பதற்கு முன் கட்டணத்தைக் கேட்பதுபோல இதையும் கேளுங்கள், கழிப்பறையை நேரில் போய்ப் பாருங்கள். பையில் இரண்டு ஜட்டி, ஒரு பிளாஸ்டிக் கவர். இறுக்கமான பெல்ட்டும் பட்டனும் வேண்டாம், எலாஸ்டிக் வைத்த டிரவுசரைப் பிள்ளை தானே இறக்கிக்கொள்வான்.

இன்னொன்றும் உண்டு, பலருக்கும் தோன்றாதது. ஒரு வீட்டில் ‘மூச்சா’, இன்னொன்றில் ‘உச்சா’, அடுத்ததில் ‘ஒண்ணுக்கு’. சில வீடுகளில் பெரிய காரியத்துக்கு ‘கக்கா’, சில வீடுகளில் ‘ஆய்’. நம் பிள்ளை வகுப்பில் எழுந்து நின்று தன் வீட்டுச் சொல்லைத்தான் சொல்வான். ஆயாம்மாவுக்கு அது புரியாவிட்டால் அவன் அவ்வளவு நாள் பழகியது அந்த ஒரு நிமிடத்தில் வீணாகிவிடும். முதல் நாள் விடப் போகும்போது அந்தச் சொல்லை அவர் காதில் போட்டுவிட்டு வாருங்கள்.